சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொடுக்கும் பவர்: மனை விற்கவும் கோர்ட்டில் சாட்சி சொல்லவும் செல்லுமா?

காவேரிக்கரை:

கும்பகோணம் பக்கத்தில் அப்பா பெயரில் 3,600 சதுர அடி வீட்டுமனை இருக்கிறது. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான் என மூன்று பேர். மனையை விற்பதில் மூவருக்கும் சம்மதம். அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இப்போதைக்கு வர வழியில்லை. எனக்குப் பவர் (அவருக்காக நான் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்புவதாகச் சொல்கிறார்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. வேறொரு மனைக்கு அண்ணன் அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டிருந்தார். எதிர்த்தரப்பு கிரயம் செய்து தர மறுத்ததால், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரி சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அடுத்து சாட்சி விசாரணை.

என் கேள்விகள்: சிங்கப்பூரில் எழுதும் பவரை இங்கே எப்படிச் செல்லுபடியாக்குவது? ஒரே பவரை வைத்து மனையை விற்று, கோர்ட்டில் அண்ணனுக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சியும் சொல்லலாமா? "சகல அதிகாரங்களும்" என்று எழுதிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். சரிதானா?

---

பத்திரமேசை:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான பவர்கள் விழுவது அங்கேதான். "சகல அதிகாரங்களும்" என்ற சொல்லுக்கு நீங்கள் நினைக்கிற வலிமை கிடையாது. பவர் பத்திரத்தை நீதிமன்றம் இறுக்கமாகத்தான் வாசிக்கும். நிர்வகிக்கும் அதிகாரத்தில் விற்கும் அதிகாரம் அடங்காது. விற்கும் அதிகாரம் இருக்கிறது என்பதற்காக அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ முடியாது. சென்னைச் சொத்து ஒன்றைப் பற்றிய சர்ச் ஆஃப் கிரைஸ்ட் சாரிட்டபிள் டிரஸ்ட் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விற்கும் அதிகாரம் பவரில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். விலை பேச, கிரய ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்ய, எழுதிக்கொடுத்ததை அங்கே ஒப்புக்கொள்ள, சுவாதீனம் ஒப்படைக்க, பட்டா மாறுதலுக்கு மனுக்கொடுக்க. பணம் பற்றிய வரி மிக முக்கியம்: "என் பங்குத் தொகையை என்னுடைய இன்ன வங்கி, இன்ன எண் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வங்கிக் கணக்கு) நேரடியாகச் செலுத்த வேண்டும்" என்று இருக்கட்டும். பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் கணக்குப் பேச்சே வராது. முகவர் (பவர் வாங்கியவர்) கணக்குக் காட்டியாக வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 213-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் உங்கள் கைக்கே வராமல் இருப்பது அதைவிட நல்லது.

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பு, நான்கு மால் (எல்லைகள்), அண்ணனுக்கு உரிய பங்கு அத்தனையும் வேண்டும். "கும்பகோணத்தில் உள்ள என் சொத்துக்கள்" என்று மொட்டையாக எழுதினால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார்.

இனி சிங்கப்பூர் வேலை. வெளிநாட்டில் வசிப்பவர் கொடுக்கும் பவரைப் பற்றிப் பதிவுச் சட்டம் (1908) 33-ம் பிரிவு பேசுகிறது. நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அலுவலர் இவர்களில் ஒருவர் முன் எழுதிக்கொடுக்கப்பட்டு, அவரால் உறுதி செய்யப்பட வேண்டும். இதில் இரண்டு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரைக்கு மட்டும் கொண்டுபோனால் முதல் நிபந்தனை போயிற்று. கையெழுத்து அந்த அலுவலர் கண் முன்னால் விழ வேண்டும். சாட்சிகள் இருவரும் கூடவே இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) நேரம் வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்திடுவது. மற்றது, அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா வழியாக அப்போஸ்டில் (உடன்படிக்கை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஆவணச் சான்று) பெறுவது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது, இந்தியா 2005 முதலே உறுப்பு நாடு. சட்டப்படி இரண்டுமே செல்லும். ஆனாலும் தூதரக முத்திரை பார்த்துப் பழகிய சார்பதிவாளர் அலுவலகங்களில் அப்போஸ்டிலைக் கண்டதும் கேள்வி எழும். கையெழுத்துப் போடும் முன்பே வரைவை உங்கள் சார்பதிவாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பத்திரம் இங்கே வந்த பிறகு ஓடுவது முத்திரைச் சட்டத்தின் 18-ம் பிரிவு. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவில் முதலில் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எழுதிய தேதி கணக்கில்லை, வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு. அதற்குச் சான்று கூரியர் உறைதான். உறையைக் கிழித்து எறிந்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள் அதிகம். ஓரத்தை மட்டும் கத்தரித்துப் பிரித்து, தேதி முத்திரை தெரியும்படி பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன் (தீர்வை எவ்வளவு என்று நிர்ணயிக்கும்) மனுவோடு உறை, அண்ணனின் பாஸ்போர்ட் நகல், உங்கள் அடையாள அட்டை, இருவர் புகைப்படம் எல்லாவற்றையும் கொடுத்து, தீர்வை கட்டி, சான்று பதித்து வாங்குங்கள்.

---

மேலவீதி:

ஒரு யோசனை. பின்னால் யாரும் மனம் மாறாமல் இருக்க, "இது ரத்து செய்ய முடியாத பவர்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் பவர் நிற்கும். வாங்குகிறவருக்கும் தைரியம் வரும்.

---

நாலாம்பக்கம்:

மேலவீதி சார், அந்த வரியால் எதுவும் நிற்காது. பலரும் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள்.

ஒப்பந்தச் சட்டம் 201-ம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ முகமை (முகவரின் அதிகாரம்) முடிந்துவிடும். இதற்கு விலக்கு 202-ம் பிரிவு மட்டும்தான்: முகமை எந்தப் பொருளைப் பற்றியதோ அந்தப் பொருளிலேயே முகவருக்குச் சொந்த உரிமை இருக்க வேண்டும். சட்டமே தரும் எடுத்துக்காட்டு தெளிவானது. ஒருவர் தன் நிலத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிறார். வரும் தொகையிலிருந்து, தான் அவருக்குத் தர வேண்டிய கடனை அவரே எடுத்துக்கொள்ளவும் சொல்கிறார். இந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது, அவர் இறந்தாலும் அதிகாரம் முடிவுக்கு வராது.

தம்பி என்ற உறவோ, விற்றுக் கொடுத்தால் கிடைக்கும் கமிஷனோ அப்படிப்பட்ட உரிமை ஆகாது. எம்.எஸ். அனந்தமூர்த்தி எதிர் ஜே. மஞ்சுளா வழக்கில் (2025) உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் சொல்லியிருக்கிறது: தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, பத்திரத்தின் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். காவேரிக்கரைக்கு அந்த மனையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதே என்று யாராவது வாதாடலாம். அது அவருடைய பங்கு. பவர் பேசுவது அண்ணனின் பங்கைப் பற்றி. அதில் இவருக்குத் தனி உரிமை எதுவும் இல்லை, ஆகவே 202 வராது.

பவரை வைத்தே சொத்து கைமாறிவிட்டதாக நினைப்பதும் இதே வகைத் தவறு. சூரஜ் லாம்ப் தீர்ப்பு (2011) அந்தக் கதவை அடைத்துவிட்டது. பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் கிரயம் ஆகாது. ஆனால் குடும்பத்துக்குள் உண்மையான காரணத்துக்காகக் கொடுக்கும் பவரை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. உங்கள் விஷயம் அந்த வகைதான், பயம் வேண்டாம்.

இன்னொன்று, வாங்குகிறவர் உங்கள் மனைவியாகவோ உங்கள் பினாமியாகவோ இருக்கக் கூடாது. முகவர் தன் கணக்கிலேயே வியாபாரம் செய்து, முக்கியமான உண்மையை மறைத்திருந்தாலோ அதனால் முதல்வருக்கு (பவர் கொடுத்தவருக்கு) பாதகம் நேர்ந்திருந்தாலோ, முதல்வர் அதை மறுத்துவிடலாம் (ஒப்பந்தச் சட்டம் 215-ம் பிரிவு). குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் வாங்குவதாக இருந்தால் அண்ணனிடம் விலையைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

---

கட்டுக்கோப்பு:

கோர்ட் பக்கத்தை நான் சொல்கிறேன். மனை விற்பதற்கும் வழக்குக்கும் தனித்தனிப் பவராக எழுதுங்கள். மனை விற்றதும் முதல் பவரின் வேலை முடிந்துவிடும். வழக்கு இன்னும் பல வருடம் ஓடலாம். ஒரே பத்திரத்தின் அசல் ஒரு பக்கம் கோர்ட் கட்டில், மறுபக்கம் பதிவு அலுவலகத்தில் தேவைப்பட்டால் இரண்டு வேலையும் நிற்கும்.

வழக்கில் பவர் ஏஜென்ட் என்னென்ன செய்யலாம் என்பது சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 3, ரூல் 1, 2-இல் இருக்கிறது: ஆஜராகலாம், மனுப்போடலாம், நடவடிக்கை எடுக்கலாம். வக்கீலை நியமித்து வக்காலத்தில் கையெழுத்திடலாம், அதற்கும் பவரில் தனி வரி வேண்டும். பவரின் அசலையும், இந்த அதிகாரம் இன்றும் நிலுவையில் உள்ளது என்று ஓர் அபிடவிட்டையும் தாக்கல் செய்யுங்கள். இனி போடும் மனுக்களில் "அண்ணன் பெயர், அவருடைய அதிகார முகவர் இன்னார் மூலம்" என்று தலைப்பு இருக்க வேண்டும். உங்கள் பெயரைக் கட்சிக்காரராகப் போட்டுவிடக் கூடாது. வழக்கு உங்களுடையது அல்ல.

செய்யக் கூடாதவை இரண்டு. முதலாவது, வக்கீல் போல எழுந்து நின்று வாதாடுவது. டி.சி. மத்தாய் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. வக்கீல் அல்லாத பவர் ஏஜென்ட், கோர்ட்டின் முன் அனுமதி இல்லாமல் வாதாட முடியாது.

இரண்டாவதுதான் உங்கள் வழக்குக்கு ஆபத்து: சாட்சியம். ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி எதிர் இண்டஸ்இண்ட் வங்கி (2005) தீர்ப்பின்படி, ஆர்டர் 3-இல் வரும் "நடவடிக்கைகள்" என்ற சொல்லுக்குள் முதல்வருக்குப் பதிலாகச் சாட்சி சொல்வது அடங்காது. பவர் ஏஜென்ட் தானே செய்த செயல்களைப் பற்றிப் பேசலாம். முதல்வர் செய்ததையும், அவருக்கு மட்டுமே தெரிந்ததையும் பேச முடியாது, அவற்றின் மேல் குறுக்கு விசாரணைக்கு நிற்கவும் முடியாது. கையெழுத்துப் போடும் கையை இரவல் கொடுக்கலாம். நினைவை இரவல் கொடுக்க வழியில்லை.

ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் இது கழுத்துக்கே வரும். குறித்துரிமை நிவாரணச் சட்டம் (ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட்) 16(சி)-யின்படி, தன் பங்கைச் செய்ய வாதி எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபித்தாக வேண்டும். தயார் என்பதைப் பாங்க் பாஸ்புக் காட்டலாம். விருப்பம் என்பது வாதியின் மனதில் இருப்பது. மான் கௌர் வழக்கில் (2010) வாதி கூண்டேறவில்லை, பவர் ஏஜென்ட் சாட்சி சொன்னார், அது போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு ஒரு வழியையும் விட்டுவைத்தது: வாதி வெளிநாட்டில் இருந்து, விவகாரம் முழுவதையும் தொடக்கம் முதல் முகவரே பார்த்துவந்து, எல்லாம் அவருடைய சொந்த அறிவில் இருந்தால் அவர் சாட்சியம் ஏற்கப்படலாம்.

எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை: ஒப்பந்தம் எழுதியபோது நீங்கள் கூட இருந்தீர்களா? அட்வான்ஸை உங்கள் கையால் கொடுத்தீர்களா? மீதிப் பணத்தோடு கிரயத்துக்குக் கூப்பிட்டது யார்? "அண்ணன் சொன்னார்" என்று நீங்கள் சொல்கிற இடமெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சாதகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அண்ணனே சாட்சி சொல்ல வேண்டும். விடுப்பில் வரும் வாரத்தை முன்கூட்டியே மெமோவாகக் கொடுத்து அந்தத் தேதிகளில் விசாரணை கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால் காணொலி வழியாகவோ, ஆர்டர் 26-இன் கீழ் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் மூலமாகவோ சாட்சியம் எடுக்க மனுப்போடுங்கள். நீங்கள் நேரில் பார்த்தவற்றுக்கு மட்டும் வாதித்தரப்பு இரண்டாம் சாட்சியாகப் போங்கள். அதற்குப் பவரே தேவையில்லை.

---

காவேரிக்கரை:

மிக்க நன்றி. ஒப்பந்தம் எழுதிய அன்று நான் ஊரிலேயே இல்லை. அப்படியென்றால் அண்ணனே பேசுவதுதான் சரி.

இன்னும் இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு 78 வயது. கொஞ்ச நாளாக மறதி. சில நாள் தெளிவாக இருக்கிறார், சில நாள் பேரன் பெயரே வருவதில்லை. அவரிடமும் இப்போதே ஒரு பவர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வழக்கு முடிவதற்குள் அண்ணனுக்கு ஏதாவது நேர்ந்தால் வக்கீல் தொடர்ந்து நடத்துவாரா?

---

நாலாம்பக்கம்:

அம்மா விஷயத்தில் பவர் தவறான கருவி. நினைவு போனபிறகு உதவும் என்று நினைத்து வாங்குகிறீர்கள். நம் சட்டத்தில் நினைவு போகும்போதே அதுவும் போய்விடுகிறது. முதல்வர் திறனிழந்த பிறகும் தொடர்கிற பவர் சில நாடுகளில் உண்டு. நம்முடைய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

மறதி வந்த எல்லோரும் கையெழுத்திடத் தகுதியற்றவர்கள் என்பதும் தவறு. 12-ம் பிரிவு பார்ப்பது எழுதிக்கொடுக்கும் அந்த நேரத்து மனநிலையை. அந்த நேரத்தில் விஷயம் புரிந்து, தனக்கு நல்லதா கெட்டதா என்று எடைபோட முடிந்தால் போதும். ஆகவே கிரயப் பத்திரத்தில் அம்மாவே நேரடியாகக் கையெழுத்திடட்டும். தெளிவாக இருக்கும் ஒரு காலையில், அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்றோடு வையுங்கள். பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, எந்த மனை, யாருக்கு, எவ்வளவு, பணம் எங்கே போகிறது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டம் 31-ம் பிரிவு இடம் தருகிறது. அவருடைய பங்குத் தொகை அவர் பெயரில் உள்ள கணக்கிலேயே விழ வேண்டும். அன்று அவருக்குப் புரியவில்லை என்றால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள். பின்னால் பத்திரம் விழுமோ என்பது இருக்கட்டும், அது அவருடைய சொத்து.

முழுக்கத் திறனிழந்துவிட்ட நிலைக்குப் போனால் பாதுகாவலரை நியமிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நினைவிழந்து கிடப்பவர்களுக்காக உயர் நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 226-ம் கூறின் கீழ் குடும்பத்தாரைப் பாதுகாவலராக நியமித்திருக்கின்றன. காலமும் செலவும் பிடிக்கும் வழி அது.

---

கட்டுக்கோப்பு:

வக்காலத்து பற்றி. ஆர்டர் 3, ரூல் 4-இன்படி கட்சிக்காரரோ வக்கீலோ இறந்தால் வக்காலத்து முடிந்துவிடும். உங்கள் பவரும் அன்றே முடியும். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் சட்டம் அந்த வக்கீலை உயிரோடு வைக்கிறது. ஆர்டர் 22, ரூல் 10-ஏ படி, கட்சிக்காரர் இறந்தது தெரிந்தால் வக்கீல் அதைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும், அதற்காக மட்டும் அவருக்கும் இறந்தவருக்கும் இடையிலான ஒப்பந்தம் நீடிப்பதாகக் கொள்ளப்படும். வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். தவறினால் வழக்கு அற்றுப்போகும், அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். வாரிசுகள் புதிய வக்காலத்து கொடுத்தால்தான் அவர் மேற்கொண்டு நடத்த முடியும்.

சமரசம் பேச்சு வந்தால் ஒரு எச்சரிக்கை. வழக்கைச் சமரசம் செய்யும் அதிகாரம் பவரில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் ஷரத்துக்களை அண்ணனுக்கு மெயிலில் அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

---

பத்திரமேசை:

கிரய நாளைக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்ச்சான்று கேட்பார்கள். பழையது எடுபடாது, 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்கட்டும். கிரயத் தேதி தள்ளிப்போகும் வாய்ப்பு இருந்தால் அவசரப்பட்டு முன்பே வாங்கி வீணாக்காதீர்கள். பத்திரத்தில் நீங்கள் இரண்டு இடத்தில் வருவீர்கள்: உங்கள் பங்குக்கு உங்கள் பெயரில் ஒரு கையெழுத்து, அண்ணனுக்காக "அவருடைய அதிகார முகவர்" என்று இன்னொன்று. ஒரே கையெழுத்தோடு விட்டுவிட்டால் அண்ணன் பங்கு கைமாறவே இல்லை என்ற கேள்வி பின்னால் வரும்.

வரிப் பிடித்தம் அடிக்கடி தப்பாகிறது. இங்கு வசிப்பவர் விற்கும் 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்துக்கு வாங்குபவர் 1 விழுக்காடு பிடிக்கிறார். அதே கணக்கை அண்ணனுக்கும் போட்டுவிடுவார்கள். வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருப்பவருக்கு அந்த 1 விழுக்காடு விதியும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்று வேண்டுமென்றால் கிரயத்துக்கு முன்பே வருமான வரித் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள்.

வாங்குகிறவர் பக்கமிருந்து ஒரு கேள்வி வரும், நியாயமானதும்கூட. சொத்து தொடர்பான பவரைத் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் எழுதியதற்கு விலக்கு உண்டு. அதனால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது, அண்ணன் ரத்து செய்திருக்கிறாரா என்பதும் தெரியாது. ரத்து எப்போது செல்லும் என்பதற்கு ஒப்பந்தச் சட்டம் 208-ம் பிரிவு: முகவருக்குத் தெரியும்போது முகவர் அளவிலும், மூன்றாம் நபருக்குத் தெரியும்போது அவர் அளவிலும். வாங்குபவரை அண்ணனோடு காணொலியில் ஒருமுறை பேசவைத்து, கிரயத்துக்கு முதல் நாள் "பவர் நிலுவையில் உள்ளது, இந்த விலைக்குச் சம்மதம்" என்று அண்ணன் தன் மெயிலில் இருந்து அவருக்கே நேரடியாக எழுதச் செய்யுங்கள்.

மாறாக அண்ணன் ரத்து செய்ய நேர்ந்தால், ரத்துப் பத்திரத்தோடு நிற்காமல் முகவருக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், சார்பதிவாளருக்குக் கடிதம், பேரம் பேசி வந்தவர்களுக்கு அறிவிப்பு மூன்றும் போக வேண்டும். அசல் பவரையும் திரும்ப வாங்க வேண்டும். அசல் முகவர் கையில் இருக்கும்வரை, ரத்து ஆனது தெரியாத ஒருவர் அதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்.